பத்து டாலர் கட்டியம்

தோழா!

தெருக்கூத்து பார்த்திருப்பாய். அரசன் களத்துக்கு வருமுன்னே கட்டியக்காரன் வந்துவிடுவான். வருபவன் இன்னான், இன்ன நாட்டுக்கு வேந்தன், இன்ன வீரம் படைத்தவன் என்று விருதுகளை அடுக்கி முழங்குவான். மன்னனை விரட்டிவிட்டுக் குடியரசு கண்ட அமெரிக்க நாட்டிலும் அந்தக் கட்டியக்காரனுக்கு வேலை இருக்கிறது. கூலி ஆண்டுக்குப் பத்து டாலர். இருப்பிடம், செல்வச் சீமான்களுடைய சொந்த விமானத்தின் உடற்புறம்!

விமானத்தின் மீது எழுதப்படும் பதிவுக் குறியைத்தான் சொல்கிறேன். எல்லை கடந்து பறக்கும் விமானம் ஒவ்வொன்றும் தன் நாட்டுக் குறியையும் பதிவுக் குறியையும் தாங்கியாக வேண்டும் என்பது 1944-இல் சிகாகோவில் எழுதப்பட்ட உடன்படிக்கையின் 20-ஆம் விதி. இந்தியாவுக்கு ‘விடி’, பிரிட்டனுக்கு ‘ஜி’, இலங்கைக்கு ‘4ஆர்’, அமெரிக்காவுக்கு ‘என்’. தமிழிலே ‘என்’ என்றால் ‘எனது’ என்று பொருள். அமெரிக்கக் கோடீசுவரர் நம் மொழி அறியார். ஆயினும் அந்தச் சொல்லின் பொருளை நன்கறிந்தவர்!

அந்த ‘என்’னுக்குப் பின்னே ஐந்து இடங்கள் வரை உண்டு. அத்தனையும் எண்களாக இருக்கலாம். கடைசியில் ஓர் எழுத்தோ இரண்டெழுத்தோ வரலாம். சுழியில் தொடங்கலாகாது. ‘ஐ’, ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்துகளுக்கு இடமில்லை. அவை ஒன்றாகவும் சுழியாகவும் கண்ணை மயக்கும். 1 முதல் 99 வரை விமானத்துறை தனக்கென்றே ஒதுக்கிக்கொண்டது. மற்றவற்றில் எவரும் எடுத்திராத குறியைப் பத்து டாலர் செலுத்தி ஓராண்டுக்கு ஒதுக்கி வைக்கலாம். ஆண்டு முடிந்தால் இன்னொரு பத்து டாலர், இன்னோர் ஆண்டு.

கோல்ஃப் ஆட்ட வீரர் அர்னால்டு பாமர் ‘என்1ஏபி’ என்று எழுதிக்கொண்டார். நடிகர் ஜான் டிரவோல்டா தம்முடைய போயிங் 707 விமானத்தில் ‘என்707ஜேடி’ என்று பொறித்தார். இதில் எனக்குப் பகையில்லை. நம்மூர் லாரிக்காரர் நெற்றிப் பலகையில் மகள் பெயரை எழுதவில்லையா? ஆசைக்குப் பத்து டாலர். எவர் குடியும் கெடவில்லை.

ஆனால் கட்டியம் கூறச் சொல்லிவிட்டு, கூட்டம் திரும்பிப் பார்த்ததும் திரைக்குள் ஓடி ஒளியும் அரசனை எந்தக் கூத்திலே கண்டிருக்கிறாய்?

எலான் மஸ்க்கின் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் தாங்கிய குறி ‘என்628டிஎஸ்’. அவர் பிறந்தது 1971, ஜூன் 28. அமெரிக்கர் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவர். ஆறு, இருபத்தெட்டு! கல்லூரியைப் பாதியில் விட்டு மேடையேறிய எனக்கே விளங்கும் கணக்கு. 2020 ஜனவரி முதல் அந்நாட்டு வான்வெளியின் பெரும்பகுதியில் பறக்கும் விமானம் தன் அடையாளத்தையும் இருக்குமிடத்தையும் வானலையில் அறிவித்தபடியே செல்லவேண்டும். சிறு கருவி வைத்திருப்போர் எவரும் அதைக் கேட்கலாம். அப்படித் திரட்டிய செய்தியைக் கொண்டு, மஸ்க் விமானம் எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று ட்விட்டரில் எழுதிவந்தார் ஒரு கல்லூரி மாணவர். பேச்சுரிமைப் பற்றினால் அந்தக் கணக்கைத் தடைசெய்யேன் என்று 2022 நவம்பரில் ட்விட்டரின் புதிய உரிமையாளர் மஸ்க் அறிவித்தார். டிசம்பரில் கணக்கு முடக்கப்பட்டது. குடும்பத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றார். பற்று இரண்டு மாதம் தாங்கவில்லை, தோழா!

மஸ்க் ஒருவரோடு நின்றிருந்தால் இத்தனை வரிகள் எழுதியிரேன். 2024 மே மாதம் அமெரிக்காவில் விமானத்துறைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. சொந்த விமானக்காரர் வேண்டினால், அவர் பெயரும் முகவரியும் ஊரார் பார்வைக்கு வாராமல் மறைக்கப்படும் என்கிறது அதன் ஒரு பிரிவு. 2025 மார்ச்சு முதல் விண்ணப்பம் பெறுகிறார்கள்.

வயல்வெளியில் மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஓட்டி, தனியே குடியிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டு முகவரி ஊருக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முகவரியை மறைக்கட்டும், நானும் கைதூக்குவேன். பெயரை ஏன் மறைக்கவேண்டும்? பொதுவான வானத்தில், பொதுப்பணத்தில் இயங்கும் காவற்கோபுரங்கள் வழிகாட்ட, இரவிலே நம் கூரைக்குமேல் இரைந்து செல்வது எவருடைய விமானம் என்று கேட்க நமக்கு உரிமையில்லையா?

அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், கோடீசுவர நண்பர் ஒருவரின் சொந்த விமானத்தில் பல்லாண்டுகளாக உல்லாசப் பயணம் சென்றுவந்ததை 2023 ஏப்ரலில் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. விமானப் பயணப் பதிவுகளும் அதற்குச் சான்றாயின. நீதிபதி எவர் வாகனத்தில் ஏறுகிறார் என்பது வம்புப் பேச்சா? வழக்காடப் போகும் ஏழைக்கு அது வாழ்வுப் பிரச்சினை!

உடைமையாளர் பெயர் ஊரறிய இருப்பதன் பயனை நம் நாட்டிலும் கண்டோம். விஜய் மல்லையாவின் ஏர்பஸ் 319 தாங்கிய குறி ‘விடி-விஜேஎம்’. கிங்ஃபிஷர் 2012-இல் பறப்பதை நிறுத்தியது. ஊழியர் மாதக்கணக்கில் ஊதியம் காணாமல் தவித்தனர். சேவை வரி பாக்கிக்காக அந்த விமானத்தைக் கைப்பற்றிய அரசுத்துறை, பலமுறை ஏலம் கூறி 2018-இல் விற்றது. எவருடைய விமானம் என்று எவரும் தேடித் திரியவேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவில் விமானப் பதிவேடு இருப்பது ஓக்லகோமா நகரத்தில். பெயருக்கேற்ற குறி வேண்டும் என்று பத்து டாலருடன் வரும் விண்ணப்பம் அங்கேதான் போகிறது. என் பெயரை மறைத்துவிடுங்கள் என்று கேட்கும் விண்ணப்பமும் அங்கேதான் போகிறது.