சாம்சனின் இரு முகங்கள்

1182-இல் இங்கிலாந்தின் கிழக்கே, பெரி செயிண்ட் எட்மண்ட்ஸ் துறவிமடத்தின் தலைமை சாம்சனிடம் வந்தது. உடன் வந்தது பெருங்கடன். முன்னவர் ஹியூ நல்லவர். அதற்குமேல் அவர் ஆட்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மடத்து அலுவலர் ஒவ்வொருவரும் தனி முத்திரை வைத்துக்கொண்டு, விரும்பியபோதெல்லாம் கடன்முறி எழுதிக் கொடுத்து வந்தனர். சாம்சன் அம்முத்திரைகளைக் கேட்டு வாங்கினார். வந்து குவிந்தவை 33. அத்தனையையும் உடைக்கச் செய்து, ஒரு பவுனுக்கு மேல் எவரும் மடத்தின் ஒப்புதலின்றிக் கடன்படலாகாது என ஆணையிட்டார். ஊர்தோறும் மடத்துக்கு வரவேண்டிய கடமைகள் ஏட்டில் ஏறின.

அவருடைய மெய்த்துணையாக இருந்த ஜோசலின் என்னும் துறவி இவற்றையெல்லாம் எழுதிவைத்தார். பதவியேற்றபோது சாம்சனின் தாடி செம்மை. பதினான்கு ஆண்டுகளில் அது வெண்பனியாயிற்று என்கிறார். பொறுப்பின் சுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இலத்தீனும் பிரெஞ்சும் கற்ற சாம்சன், எளிய மக்களுக்கு அவர்தம் வட்டார ஆங்கிலத்திலேயே அருளுரை ஆற்றினார்.

ஆனால் உரிமை என்று வந்துவிட்டால் அவரிடம் இரக்கம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஹெர்பர்ட் என்ற முதிய குருவானவர் தம் நிலத்தில் காற்றாலை ஒன்று எழுப்பினார். காற்று எல்லோருக்கும் பொது என்று வாதாடினார். மடத்து ஆலைகளின் வருவாய் குறையுமே என்று சாம்சன் கொதித்தெழுந்தார். அவருடைய ஆட்கள் இடிக்க வருமுன் கிழவர் தாமே அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்.

இதைச் சிறுபிழை எனக் கடந்துவிடலாம். 1190-ஐ அவ்வாறு கடக்க இயலாது. குருத்து ஞாயிறன்று அந்நகரில் யூதர்கள் படுகொலை செய்யப்பட்டனர். உயிர்தப்பியவர்களைக் காப்பது தலைவரின் கடன். சாம்சனோ, நகரில் உள்ளோர் யாவரும் புனித எட்மண்டின் குடிகளாக இருக்கவேண்டும், இன்றேல் வெளியேறவேண்டும் என்று அரசரிடம் இசைவு பெற்று, எஞ்சியோரைப் படைக்காவலுடன் ஊரைவிட்டே அகற்றினார். மருத்துவமனை கட்டியதையும் மில்டன்ஹால் பண்ணையை மீட்டதையும் இதையும் ஒரே மூச்சில் அவருடைய அறச்செயல்களாக ஜோசலின் எண்ணுகிறார். பண்ணையை மீட்ட அதே நிருவாகத் திறமையே மனிதரையும் அகற்றியது. திறமையில் குறையொன்றும் இல்லை.

1843-இல் எழுத்தாளர் தாமஸ் கார்லைல், தலைவரற்றுத் தவித்த தம் காலத்துக்குச் சாம்சனையே முன்மாதிரியாக நிறுத்தினார். முத்திரைகளை உடைத்த சாம்சனை அவர் போற்றியதில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும் அந்நகரில் நடந்த யூதர் வெளியேற்றமே, சரியாக நூறாண்டு கழித்து, 1290-இல், முதலாம் எட்வர்டின் ஆணையால் இங்கிலாந்து முழுவதிலும் நடந்தது.