எண்ணிக்கை அல்ல, சினையே அளவுகோல்

ஆய்வகத்தில் எத்தனை கருக்கள் வளர்ந்தன என்பதை வைத்தே சோதனைக்குழாய்க் கன்றுத் திட்டங்களை எடைபோடுகிறோம். இது போதாது. கருக்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் பசுவின் கருமுட்டை முடிவு செய்கிறது. தரத்தை, அடுத்த 7 நாள் அவை வளரும் சூழலே முடிவு செய்கிறது.

காற்றில் உள்ள சுமார் 21 சதவீத ஆக்சிஜன் கருவுக்கு அதிகம். 5 சதவீதமே ஏற்றது. வளர்ப்புக் கரைசலில் சீரம் சேர்த்தால் கருவில் கொழுப்பு கூடும். உறையவைத்து எடுக்கும்போது பல பிழைக்காது.

சினை பிடிக்காவிட்டால், கரு வைக்கப்பட்ட பசுவின் ஈற்று இடைவெளி நீளும். தீவனச் செலவு விவசாயி தலையில் விழும். எனவே, உறுதியான சினைக்கு மட்டுமே ஆய்வகத்துக்குப் பணம் தர வேண்டும். உறைந்த கருவா, புதிய கருவா, சினை விகிதம் எவ்வளவு என்று கேட்டபிறகே பசுவைக் கொடுங்கள்.