சட்டையை விடுங்கள், பட்டையைப் பாருங்கள்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மிலிட்டரி டிசைன் ஜாக்கெட்டோடு நிற்கும் பையன்கள் எல்லாரும் ராணுவத்தை அவமதிக்கிறார்களாம். பிடித்து வழக்குப் போடவேண்டுமாம். எந்தச் சட்டத்தில் ஐயா? பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு, தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்பவேண்டும் என்ற நோக்கத்தோடு உடுத்துகிறவரைத்தான் தண்டிக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்தையில் வாங்கிய கால்சட்டையோடு சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவரை யார் மேஜர் என்று நம்பப்போகிறார்கள்?

2016-இல் பதான்கோட் விமானதளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள் என்பது உண்மைதான். அதன்பின் பொதுமக்கள் உடுத்தவேண்டாம், கடைக்காரர்கள் விற்கவேண்டாம் என்று படை கேட்டுக்கொண்டது. 2022-இல் வந்த புதுச் சீருடையின் வடிவமைப்பையும் பதிவுசெய்து வைத்திருக்கிறது. நகலெடுத்து விற்பவரைப் பிடிக்க வழி இருக்கும்போது வாங்கியவன்மேல் ஏன் பாய்ச்சல்?

உங்கள் கோபத்தை விக்கிரவாண்டி சுங்கச்சாவடிப் பக்கம் திருப்புங்கள். கண்ணாடியில் 'ஆர்மி' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கட்டணமில்லாமல் வழிகேட்கிறவர் ஏய்க்கிறார். படையினருக்கான 1901-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் ஸ்டிக்கருக்கா சலுகை தந்தது? பணியில் இருக்கும் வீரருக்குத் தந்தது.

அப்படியே விழுப்புரத்துக் கல்யாண மண்டப வாசலையும் பாருங்கள். காவலாளியின் தோளில் நட்சத்திரம் மின்னினால், 2005-ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு நோக்கத்தையெல்லாம் கேட்காது. படைச் சீருடையின் தனி அடையாளம் இருந்தாலே ஓராண்டு வரை சிறை. அதுவும் அந்தக் காவலாளிக்கு மட்டுமல்ல, மாட்டிவிட்ட முதலாளிக்கும்.