மாவில் ஒரு பாவை

உண்ணும் பண்டத்திற்கு உருவம் எதற்கு என வினவுவார் உளர். ஐரோப்பிய இல்லங்களில் கிறித்து பிறப்புத் திருநாளையொட்டி, கோதுமை மாவில் வெண்ணெய், பாகு, சுக்குப்பொடி சேர்த்துப் பிசைந்து, மனித வடிவில் வெட்டிப் பிஸ்கோத்தாகச் சுடுவர். இஞ்சி என்னும் நம் சொல்லோடு ஆங்கிலத்து ஜிஞ்சர் உறவுடையது என்பர் மொழிநூலார். சர்க்கரைக் குழம்பால் கண்ணும் வாயும் தீட்டுதல் சிறுவர் பணி. சூடு ஆறுமுன் தீட்டினால் குழம்பு உருகி வழியும். ஆகவே பொறுமையும் உடன் பயிலப்படுகிறது.

இதனை வெறும் விளையாட்டெனத் தள்ளற்க. இதனையொத்த வடகுரோவாசியக் கைத்தொழிலை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

குழந்தை தீட்டிய கண் கோணலாயினும், பெற்றோர் அதனை அழித்துத் திருத்தலாகாது. ஒழுங்கான கண்ணைக் கடையில் வாங்கலாம். நானே செய்தேன் என்னும் மகிழ்ச்சியை எங்கே வாங்குவது? உண்டதும் உருவம் மறையும், ஊக்கம் நிலைக்கும்.