இழுக்காதீங்க பாஸ்!

கல்வராயன் மலை ஊர்ல பொங்கல் கபடி. பிடியில உங்க தோள்பட்டை இறங்கிடுச்சு. உடனே ஒரு அண்ணன் கையை இழுத்துவிட வருவார். ப்ளீஸ், வேண்டாம்! அந்த இழுப்பில் நரம்போ ரத்தக்குழாயோ சேதமாகலாம், எலும்பும் முறியலாம். துண்டால் கையைத் தொட்டில் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு, கீழே கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மூட்டைச் சேர்ப்பாங்க.

வலி போச்சுன்னு அடுத்த வாரமே களத்துல இறங்கிடாதீங்க. மூட்டுக் கிண்ணத்தோட விளிம்பு கிழிஞ்சிருந்தா, தோள் மறுபடி மறுபடி நழுவும். நம்ம வயசுக்குத்தான் இந்த ரிஸ்க் ஜாஸ்தி. அந்த விளிம்பை எலும்போட சேர்த்துத் தைக்கிறதுதான் 'பேங்கார்ட்' ஆபரேஷன். லண்டன் டாக்டர் பேங்கார்ட் 1923-ல் விளக்கியது. இப்போ சின்னத் துளை வழியாவே முடிக்கிறாங்க.

2021 மார்ச்சில் தோள் நழுவிய கிரிக்கெட்டர் ஷ்ரேயாஸ் அய்யர், ஏப்ரலில் ஆபரேஷன் முடிஞ்சு, செப்டம்பரில்தான் ஐ.பி.எல். ஆடினார். அவரே காத்திருந்தார். நாம காத்திருக்க மாட்டோமா?