அலாரத்துக்குத் தொப்பி போடாதீங்கோ



போன எபிசோடில் கேம்பர்வான் கட்டுறதைப் பற்றிக் கதைச்சோம். அதுக்குப் பிறகு வந்த மெசேஜுகளில் கூடுதலான பேர் கேட்ட கேள்வி ஒண்டுதான்: "அண்ணா, யூலையில் ஸ்னோப் பக்கம் போகப் போறம், எந்த ஹீட்டர் நல்லது?"

ஹீட்டரைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் என்னுடைய கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்துக்கு ஒரு வானைத் தயார்படுத்தும்போது முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர் இல்லை, ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம். வாங்கிப் பூட்டினால் மட்டும் காணாது. அது எதுக்காகக் கத்தும் என்று அந்த வானில் படுக்கப் போகிற எல்லாருக்கும் விளங்கியிருக்க வேண்டும், முக்கியமாக உங்கட அப்பா அம்மாவுக்கு. நான் முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

டண்டினொங்கில் எங்கட வீட்டு ஹோலில் ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கிறது. அதுக்கு மேல ஒரு ஷவர் கப். ஏதோ ஒரு ஹோட்டலில் இருந்து அம்மா பத்திரமாகக் கொண்டு வந்தது. மீன் பொரிக்கிற நாள், கடுகு தாளிக்கிற நாள், செத்தல் மிளகாய் வறுக்கிற நாள் எல்லாம் அது அலாரத்துக்குத் தொப்பி. பிறகு கழட்ட மறந்து அப்படியே கிடக்கும். சிரிக்காதீங்கோ, உங்கட வீட்டிலும் ஒண்டு இருக்கும். இல்லாவிட்டால் பட்டரியைக் கழட்டி மேசை லாச்சிக்குள் போட்டிருப்பீங்கள்.

அந்த வீட்டில்தான் நானும் தங்கச்சியும் வளர்ந்தோம். கூரையில் ஏதாவது கத்தினால் என்ன அர்த்தம்? சமையல் நடக்குது, ஆராவது போய் அதை நிப்பாட்டுங்கோ. வேறு அர்த்தம் எங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் யூலையில் நான், தங்கச்சி, அப்பா மூன்று பேரும் ஹாரியட்விலுக்குப் போனோம். மெல்பேர்னில் இருந்து ஹியூம் ஃப்ரீவேயில் வங்கரட்டா வரை போய், அங்கே கிரேட் அல்பைன் ரோட்டில் திரும்பி, பிரைட்டைத் தாண்டினால் வரும் சின்ன ஊர். ஹொத்தம் மலை ஏறும் வளைவுகள் அங்கேதான் தொடங்கும். டண்டினொங்கில் யூலை மாதக் காலை 6, 7 பாகை இருக்கும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும், ஹொத்தமின் உச்சி 1,862 மீற்றர். அதனால் பள்ளத்தாக்கில் நின்றால் தப்பலாம் என்று நினைத்தேன். ஆனால் காற்றில்லாத தெளிந்த இரவில் பாரமான குளிர்காற்று மலையில் இருந்து இறங்கிப் பள்ளத்தாக்கிலேயே தேங்கும். விடிய நாலு மணிக்கு வெளியே மைனஸ் மூன்று.

வான் என்னுடைய கைவேலை. சுவருக்கு இன்சுலேஷன், ஜன்னலுக்கு வெள்ளிக் கடதாசி மறைப்பு, டீசல் ஹீட்டர், கூரையில் சோலார், வெளிப் பெட்டிக்குள் ஒரு லித்தியம் பட்டரி. இரவில் குளிர்காற்று வருகுதென்று கீழே இருந்த காற்றுத் துவாரங்கள் இரண்டையும் டேப் போட்டு ஒட்டினேன். அந்த டேப்பை ஞாபகம் வைச்சிருங்கோ.

மூன்றரைபோல ஹீட்டர் நின்றுவிட்டது. திரையில் 'வோல்டேஜ் குறைவு' என்று காட்டியது. அதைப் பார்த்தது அப்பா. என்னை எழுப்ப மனமில்லை. நாங்கள் பிக்னிக்குக்குக் கொண்டு போகும் சின்ன பியூட்டேன் அடுப்பை உள்ளே பற்ற வைத்து, கேத்தலை ஏற்றி, "தேத்தண்ணியும் ஆச்சு, சூடும் ஆச்சு" என்று அப்படியே எரிய விட்டிருக்கிறார்.

நான் எழும்பினது சத்தத்தில். அலாரத்தில் 134 என்று காட்டியது. தலை கனத்தது, நித்திரைக் குறைவாக்கும் என்று நினைத்தேன். அப்பா எழுந்து நின்று அலாரத்தின் பின்பக்கத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது பழுதாப் போச்சு. அடுப்பு எரிஞ்சா அடிக்கும்தானே, நீ படு. பட்டரியைக் கழட்டிப்போட்டு விடுறன்."

கதவை இழுத்துத் திறந்து, அடுப்பை அணைத்து, தங்கச்சியை எழுப்பி, மூன்று பேரும் உறைபனிப் புல்லில் கம்பளியோடு நின்றோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இன்னும் ஒரு நிமிஷம் பிந்தி எழும்பியிருந்தால் அந்த அலாரம் பட்டரி இல்லாமல் மேசையில் கிடந்திருக்கும். வீட்டில் அம்மா செய்வதைத்தான் அப்பாவும் செய்தார்.

அவரைப் பிழை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் வளர்ந்த யாழ்ப்பாணத்து வீட்டில் குசினியில் விறகடுப்பு நாள் முழுக்க எரியும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி, கதவு எப்போதும் திறப்பு, புகை தன்பாட்டில் போய்விடும். நெருப்பு என்றால் சூடு, சாப்பாடு. அந்த அனுபவம் அந்த வீட்டுக்குச் சரி. காற்றே போகாத ஒரு தகரப் பெட்டியைக் கட்டி, இருந்த இரண்டு ஓட்டையையும் டேப்பால் ஒட்டினவன் நான்.

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம்.

ஸ்மோக் அலாரமும் கார்பன் மொனொக்சைட் அலாரமும் ஒன்றில்லை. வீட்டில் இப்போது பூட்டுகிற ஸ்மோக் அலாரம் ஒளியைப் பாய்ச்சிக் காற்றில் இருக்கும் துகள்களைத் தேடும். பொரிக்கிற எண்ணெய்ப் புகையும் அதுக்குத் துகள்தான், அதனால்தான் கத்துகிறது. மற்றதின் உள்ளே இருப்பது ஒரு சின்ன மின்வேதியல் செல். அது தேடுவது அந்த வாயுவை. கடுகு தாளித்தாலும் மீன் பொரித்தாலும் அந்தப் புகைக்காக அது அடிக்காது. ஆகவே அது கத்தினால் 'சமையல்தானே' என்று விடக்கூடாது.

அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய ஹீமோகுளோபினில் ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், அசதி. நித்திரையில் இருப்பவருக்கு இது ஒன்றுமே தெரியாது. அறிகுறி வந்தால் முதலில் எல்லாரும் வெளியே, பிறகு 000. ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளேயே இருப்பது சரி வராது.

வாங்கும்போது பெட்டியில் இ.என். 50291-2 என்ற எண்ணைப் பாருங்கோ. அந்த ஐரோப்பியத் தரத்தில் முதல் பகுதி வீடுகளுக்கு, இரண்டாம் பகுதி கரவன், படகு போன்ற ஆடி அசையும் இடங்களுக்கு. மில்லியனில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிஷத்துக்குள், 100 பங்கு இருந்தால் 10 முதல் 40 நிமிஷத்துக்குள், 300 என்றால் மூன்று நிமிஷத்துக்குள் அது அடிக்க வேண்டும். சென்சருக்கு ஆயுள் உண்டு, முடியும் திகதி பின்பக்கத்தில் இருக்கும். போகுமுன் டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ.

இனி ஹீட்டர். சரியாகப் பூட்டிய டீசல் ஹீட்டர் எரிப்பதற்கான காற்றை வெளியில் இருந்து எடுத்து, புகையையும் வெளியேதான் விடும். அதனால் உள்ளே எரிகிற எந்த அடுப்பையும் விட அது நல்லது. ஆனால் புகைக்குழாய் ஸ்னோவில் புதைந்தாலோ, குழாயின் மூட்டு கழன்றாலோ புகை உள்ளே வரலாம். பியூட்டேன் அடுப்பு சமையலுக்கு மட்டும், அதுவும் வெளியே. பியூட்டேன் மைனஸ் அரைப் பாகையிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரோப்பேனுக்கு அது மைனஸ் 42. உறைகுளிரில் அந்தச் சின்ன டின் வெளியில் எரியாது என்றதும் ஆக்கள் அதை உள்ளே கொண்டு வருவார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் எங்கட ஹீட்டர் நின்றது? பிழை ஹீட்டரில் இல்லை, என்னுடைய கணக்கில். யூன் கடைசியில் அந்தப் பக்கத்தில் பகல் ஒன்பதரை மணித்தியாலம்தான், நடுமதியத்திலும் சூரியன் 30 பாகை உயரம்தான். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பனலுக்கு, முகில் இல்லாத மதியத்தில்கூட, நேர் வெயிலில் பாதிதான் கிடைக்கும். பள்ளத்தாக்கு என்றால் மலை நிழலும் சேரும். நான் கோடைக்காலக் கணக்கை வைத்துக்கொண்டு போனேன்.

விடிந்த பிறகு வெயில் வந்தும் பட்டரி சார்ஜ் ஏறவில்லை. லித்தியம் அயன் பொஸ்பேட் பட்டரி பூச்சியத்துக்குக் கீழேயும் மின்சாரம் கொடுக்கும், ஆனால் அந்தக் குளிரில் வாங்கக்கூடாது. வாங்கினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகப் பழுதாகும். நல்ல பி.எம்.எஸ். அதைத் தடுத்துவிடும். எனக்கும் தடுத்தது. பட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, ஆனால் நாங்கள் குளிரில் நின்றோம். ஆகவே பட்டரியை வெளிப் பெட்டியில் வைக்காமல் வானுக்குள் வையுங்கோ, அல்லது சூடாக்கும் வசதி உள்ள பட்டரியாக வாங்குங்கோ. சோலாரை மட்டும் நம்பாமல் ஓடும்போது எஞ்சினில் இருந்து சார்ஜ் ஏற வழி செய்யுங்கோ.

மற்றவை சுருக்கமாக. டீசல் வண்டி என்றால் மெல்பேர்னில் முழு டாங்க் அடிக்காதீங்கோ. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகு போலத் திரளும். குறைந்த டாங்கோடு போய் மலையடிவாரத்தில் அல்பைன் டீசல் அடியுங்கோ, ஹீட்டரும் அதில்தான் ஓடும். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும், வெளிக்குழாய்களை இரவில் வடித்துவிட்டு குடிதண்ணியை உள்ளே வையுங்கோ. ஸ்னோ சீசனில் ஹொத்தம் ஏறுவதென்றால் சில்லுச் சங்கிலி காரில் இருக்க வேண்டும். யூன் நடுப்பகுதியில் இருந்து ஒக்டோபர் கடைசி வரை காட்டுக்குள் பல மண் ரோட்டுகள் மூடியிருக்கும், பழைய மேப்பை நம்பிப் போகாதீங்கோ. காற்றுத் துவாரத்தை ஒருபோதும் ஒட்டாதீங்கோ. மூச்சிலேயே ஒரு இரவில் சுவரெல்லாம் ஈரமாகும், அந்த ஈரம் போகவும் அதே துவாரம்தான் வழி. குளிருதென்றால் இன்னொரு கம்பளி எடுங்கோ.

"எல்லாத்தையும் ஃபோனில் பார்க்கிற ஸ்மார்ட் சென்சர் வாங்கலாமே?" என்று கேட்பீங்கள். நான் டெக் பைத்தியம், எனக்கும் ஆசைதான். ஆனால் மலைக்குள் பல இடங்களில் சிக்னலே இல்லை. க்ளவுட்டுக்குப் போய்த் திரும்பி வந்து எச்சரிக்கிற எதையும் வானில் முதல் காவலாக வைக்காதீங்கோ. தன்னுடைய பட்டரியில், தன்னுடைய தொண்டையால் கத்துகிற ஒரு மொக்குப் பெட்டி போதும்.

ஆனால் அந்தப் பெட்டி கத்தினாலும் போதவில்லையே. எங்கட வானில் சரியான அலாரம் இருந்தது, சரியான நேரத்தில் அடித்தது. அதைக் கேட்டவருக்குத்தான் விளங்கவில்லை. பூட்டும்போது அப்பாவிடம் "இது கார்பன் மொனொக்சைட் அலாரம்" என்று இங்கிலிஷில் ஒரே ஒரு தரம் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

அன்றைக்கு விடியப் புல்லில் நின்று ஃபோனில் தேடி, அந்த வாயுவின் தமிழ்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன். காபனோரொட்சைட்டு. அப்பா திரும்பிப் பார்த்தார்.

"காபனோரொட்சைட்டோ? அது குருதியில ஒட்சிசனைப் போக விடாதெல்லோ. ஓ-லெவலுக்குப் படிச்சனான். இதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் சொன்ன பெயர்தான் அவரிடம் போய்ச் சேரவில்லை. எங்கட அப்பா அம்மாவுக்கு சயன்ஸ் தெரியாது என்று நாங்கள் நினைக்கிறோம். அவையளில் எத்தனையோ பேர் அதைத் தமிழில் படித்தவர்கள், நாங்கள் தமிழில் கேட்டதில்லை.

ஆகவே இந்தக் கிழமை இரண்டு வேலை. வீட்டு ஸ்மோக் அலாரத்தில் இருக்கும் தொப்பியைக் கழட்டுங்கோ, பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து குசினி ஃபானைப் போடுங்கோ. வானுக்கு ஒரு அலாரம் வாங்கினால், போகுமுன் எல்லாரையும் உள்ளே இருத்தி டெஸ்ட் பட்டனை அமத்தி அந்தச் சத்தத்தைக் கேட்கப் பண்ணுங்கோ. "இது கத்தினால் கைவைக்கக்கூடாது, கதவைத் திறந்து வெளியே ஓட வேணும்" என்று சொல்லுங்கோ. தமிழில் சொல்லுங்கோ.

எங்கட வானில் இப்போ அலாரத்துக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அப்பாவின் கையெழுத்தில், 'காபனோரொட்சைட்டு, உடனே இறங்கவும்' என்று.

இந்த யூலையும் போகிறோம். அம்மாவும் வாறா, ஷவர் கப்பை வீட்டில் விட்டுவிட்டு.