மூட்டில் ஒட்டும் உணரிக்கு எது முக்கியம்?

உடலில் ஒட்டி அசைவை அளக்கும் நெகிழ் உணரிகளைப் பற்றிய அறிவிப்புகள் பெரும்பாலும் உணர்திறன் எண்ணைத்தான், அதாவது நீளம் ஒரு சதவீதம் மாறினால் மின்தடை எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதைத்தான், முன்னால் நிறுத்துகின்றன. மூட்டு அசைவைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு இவ்வளவு மவுசு தேவையில்லை. பாலங்களிலும் மின்னணுத் தராசுகளிலும் இருக்கும் உலோகத் தகட்டு உணரியின் உணர்திறன் சுமார் 2. ஆனால் சில சதவீதம் இழுத்தாலே அறுந்துவிடும். முழங்காலை மடக்கினால் தோலோ 30 சதவீதத்துக்கு மேல்கூட நீளும். 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கார்பன் நானோகுழாய்ப் படலத்தால் செய்த உணரி 280 சதவீதம் வரை நீண்டது. 150 சதவீத இழுப்பை 10,000 முறை தாங்கியது. அதைக் காலுறையிலும் கையுறையிலும் பொருத்தி அசைவைப் பதிவுசெய்தார்கள். அதன் உணர்திறன் 1ஐக்கூட எட்டவில்லை என்பதுதான் வேடிக்கை.

நாடித்துடிப்பு, தொண்டை அதிர்வு போன்ற நுண்ணசைவுக்கு உணர்திறன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு முழங்கையை மடக்கிப் பழகுபவருக்கு, நேற்றைய 60 டிகிரியும் இன்றைய 60 டிகிரியும் ஒரே அளவாகப் பதிவாக வேண்டும். வியர்வையில் உணரியின் விளிம்பு பெயர்ந்தாலோ, இழுபட்ட அதன் ரப்பர் முழுதாகச் சுருங்காமல் நின்றாலோ, தேறாதவரையும் தேறிவிட்டதாகக் கருவி காட்டக்கூடும். மென்பொருள் திருத்திவிடும் என்பது அரைகுறைச் சமாதானம்; சீராக விலகும் பிழையைத் திருத்தலாம், ஒட்டும்போதெல்லாம் இடம் மாறினால் எதை வைத்துத் திருத்துவது? கழற்றி மறுபடி ஒட்டினால் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட வேண்டும்.